மூன்றாம் நாள் தண்ணீர்

ஏரி வற்றி, எந்தக் காலத்திலோ அதில் மூழ்கிப்போன ஆட்டோ ஒன்று மஞ்சள் மங்காமல் மேலே தெரிந்து, அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்துபோன அந்த வருஷத்தில், ஏரிக்கரையை ஒட்டியிருந்த தாழம்பூ என்க்ளேவ் சி பிளாக்கில், லோகநாயகி என்ற பேங்க் கிளார்க் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃப்ளஷை அழுத்தினாள், தண்ணீர் பாடியது. ஆண் குரல், கொஞ்சம் கரகரப்பு, தாளம் மட்டும் சுத்தம். தொட்டி நிரம்பி முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், வாட்ச்மேன் மேசையிலிருந்த புகார் நோட்டில் 'லிஃப்ட் கதவு மூடவில்லை' என்பதற்குக் கீழே 'சி-204, ஃப்ளஷ் பாடுகிறது, கவனிக்கவும்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

கவனிக்க வந்தவள் குணவதி. எழுபத்திரண்டு வீடுகளில் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், சொல்லக் கூச்சப்படுகிற தண்ணீர் எல்லாம் ஒன்றாக இறங்கிப் போய்ச் சேரும், கார் நிறுத்துகிற இடத்துக்கும் கீழே இருந்த எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கூடம் அவள் ராஜ்ஜியம். அங்கே ப்ளோயர் இரவும் பகலும் காற்று ஊத, டீ நிறத்தில் குமிழி விட்டுக்கொண்டிருந்த பெரிய தொட்டியில், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அழுக்கைத் தின்று, தின்று கொழுத்து, கொழுத்துக் கனத்து அடியில் படிய, மேலே தெளிந்தது மணலுக்குள் புகுந்து, கரிக்குள் புகுந்து, மூன்றாம் நாள் கண்ணாடி போல வெளியே வந்து, தனிக் குழாயில் மொட்டைமாடிக்கு ஏறி, அங்கிருந்து எல்லா வீட்டு ஃப்ளஷுக்கும் புல்தரைக்கும் திரும்பி வந்துவிடும். அந்த உயிர்களைக் குணவதி 'கல்ச்சர்' என்பாள். கல்ச்சருக்கு உடம்பு சரியில்லை, கல்ச்சர் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டது என்று அவள் சொல்வதைக் கேட்பவர்கள் அவள் வீட்டில் யாரோ இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவள் கையில் ஸ்பேனரோடு நின்று, மறுபடி ஃப்ளஷை அழுத்திக் கேட்டுவிட்டு, லீக் எதுவும் இல்லை, இது ஏ பிளாக் தபலா வாத்தியார் திங்கட்கிழமை குளிக்கும்போது பாடியது, மூன்று நாள் கணக்கு சரியாக வருகிறது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் தாழம்பூவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. சங்கத்துச் செக்ரட்டரி பத்மநாபன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் இதை, ஒரு லைனில் இன்னொரு லைன் பேச்சு வந்து கலக்கிற கிராஸ் டாக் என்று சொல்லிவிட்டதால் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. மூன்றாம் மாடி ஜைத்தூன் தன் மூன்று பிள்ளைகளையும் குளிக்கும்போது வாய்ப்பாடு சொல்ல வைத்தாள். மூன்று நாள் கழித்து பி பிளாக் முழுக்க எல்லாருக்கும் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆயிற்று, அதில் பதினாறு ஏழு தப்பாக இருந்ததுவரை. தபலா வாத்தியாருக்குத் திடீரென்று நான்கு மாணவர்கள் சேர்ந்தார்கள். லோகநாயகியின் மகன் கனடா போன அன்று காலை ஷேவ் செய்துகொண்டே அடித்த விசில், ஃப்ளஷில் வந்து, மறுபடி கீழே போய், மறுபடி மூன்றாம் நாள் வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் கேட்பதற்காகவே அவள் தேவையில்லாமல் ஃப்ளஷை அழுத்துகிறாள் என்று தண்ணீர்க் கமிட்டியில் பேச்சு வந்தபோது, பத்மநாபன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

இதில் எல்லாரும் பெருமைப்பட்ட ஒன்று, தண்ணீரில் வருவதெல்லாம் நல்ல வார்த்தையாகவே இருந்தது. பாட்டு, ஜெபம், வாய்ப்பாடு, குழந்தையைக் கொஞ்சுவது, மிஞ்சிப்போனால் 'சோப்பு எங்கே'. நம் குடியிருப்பின் பண்பாடு இது என்று பத்மநாபன் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டார். ஏ பிளாக் முதல் மாடிப் புருஷன் பெண்சாதி போடுகிற சண்டை ஏரிக்கரை வரைக்கும் கேட்கும் என்பதும், அந்த வீட்டிலிருந்து தண்ணீரில் இதுவரை வந்தது 'சாப்பிட்டியா' என்ற ஒரே வார்த்தைதான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

பி-203இல் இருந்த செலினும் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்க்க நேரம் ஏது. ஜோவிட்டா பிறந்து ஐந்து மாதம். புருஷன் அமலன் கார் சீட் தைக்கிற கம்பெனியில் ஷிப்ட். ஒரு வாரம் பகலில் இருக்க மாட்டான், ஒரு வாரம் பகலெல்லாம் தூங்குவான். செலின் பயந்த சுபாவம் என்று அவள் படித்த கான்வெண்டிலேயே பெயர். அங்கே நல்லொழுக்க வகுப்பு எடுத்த சிஸ்டர், நாம் வாய்விடும் ஒவ்வொரு வீண் வார்த்தையும் மேலே ஒரு புத்தகத்தில் ஏறுகிறது, கடைசி நாளில் ஒன்று விடாமல் வாசிப்பார்கள் என்று சொன்னதை மற்ற பிள்ளைகள் மணி அடித்ததும் மறந்துவிட, செலின் மட்டும் அன்றிலிருந்து வாய்க்குள்ளேயே பேசப் பழகியவள். ஜோவி பிறந்த பிறகு பயத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது. தூங்குகிற பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள், மூச்சு வரும், போய் அரிசி களைவாள், திரும்பி வந்து மறுபடி விரல் வைப்பாள்.

அந்தப் புதன்கிழமை, முதல் நாள் தடுப்பூசி போட்டதில் ஜோவிக்குக் காய்ச்சல். விடிந்ததிலிருந்து அழுகை. கரண்ட் இல்லை. அமலன் ஷிப்டில். வாளியில் துணி நிறைந்து கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, இரண்டு நாள் தூங்காத செலின், கதறுகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் இறங்குகிற அந்த ஓட்டைக்கு நேராகக் குனிந்து சொன்னாள்:

"மாதாவே, இந்தப் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கோ. எனக்கு வேண்டாம்."

நுரையோடு நுரையாக அது உள்ளே போயிற்று. செலின் குழாயை மூடினாள். மூடிய பிறகுதான் நினைவு வந்தது.

புதன், வியாழன், வெள்ளி, சனி. விரல் விட்டு எண்ணினாள்; மறுபடி எண்ணினாள்; சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி என்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜோவிக்கு ஞானஸ்நானம். சனிக்கிழமை காலை ரயிலில் மணப்பாட்டிலிருந்து அமலனின் அக்கா பிரகாசியும், அவளோடு பன்னிரண்டு பேரும் வருகிறார்கள். பிரகாசிதான் பிள்ளைக்கு ஞானத்தாய். பதின்மூன்று பேர், ஒரு பாத்ரூம், ஒரு ஃப்ளஷ்.

அவளுக்கு இரண்டு பயம். ஒன்று, ஊர் கேட்டுவிடும். இரண்டாவது, மாதா கேட்டிருப்பாள். கேட்டது கேட்டபடி செய்துவிடுவாள். இரண்டாவதுக்கு அவள் செய்யக்கூடியது ஒன்றுதான்; காய்ச்சல் இறங்கும்வரை பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை. மறுநாள் விடியும்போது ஜோவியின் நெற்றி குளிர்ந்திருந்தது, பிள்ளை கால் கட்டை விரலை வாயில் வைக்கப் பார்த்தது. மாதா இந்தமுறை காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று செலின் இரண்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். மீதி இருந்தது முதல் பயம்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்.டி.பி.க்கு இறங்கிப்போனாள். குணவதி ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரத்தில் சேறு எவ்வளவு அடியில் படிகிறது என்று பார்த்தால் கல்ச்சரின் உடம்பு தெரிந்துவிடும். அவள் தினமும் நாடி பார்ப்பது இப்படித்தான். செலின் சுற்றி வளைத்து, ஒரு வீட்டிலிருந்து போன வார்த்தை எந்த வீட்டுக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றும், அதை நடுவில் எங்காவது பிடிக்க முடியுமா என்றும் கேட்டாள். இங்கே வந்துவிட்டால் உன் வீடு என் வீடு கிடையாது, எழுபத்திரண்டும் ஒரே தண்ணீர்தான், எந்தக் குழாயில் வரும் என்று தண்ணீருக்கே தெரியாது என்றாள் குணவதி. தண்ணீர் வராமலே செய்ய வழி உண்டா என்று கேட்டதற்கு, ஏன் மேடம், நேற்றுக் கரண்ட் போன புழுக்கத்தில் எல்லாரும் எதையாவது சொல்லிவிட்டீர்களா, காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்கிறீர்கள் என்று சிரித்துவிட்டு, வேலைப் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள்: யாராவது கக்கூஸில் நிறைய ஆசிட் ஊற்றினால் கல்ச்சர் செத்துவிடும், கல்ச்சர் செத்தால் எல்லாம் நின்றுவிடும், அதனால்தான் ஆசிட் கூடாது என்று வீட்டுக்கு வீடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

எல்லாம் நின்றுவிடும் என்பது மட்டும் செலின் காதில் விழுந்தது.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே அண்ணாச்சி கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். ஏ பிளாக் முதல் மாடிக்காரர், மாமனார் வருகிறார், பாத்ரூம் கழுவ வேண்டும் என்று சொல்லி நான்கு பாட்டில் ஆசிட் வாங்கினார். பத்மநாபன் சம்சாரம், டைல்ஸில் கறை, மூன்று. ஜைத்தூன், பிள்ளைகள் பாழாக்கிவிட்டார்கள், மூன்று. தபலா வாத்தியார் பேச்சே இல்லாமல் இரண்டு விரலைக் காட்டினார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், எல்லாரும் பாட்டிலைத் துணிப்பைக்குள் போட்டு, மேலே ஒரு கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடிக்கொண்டு போனார்கள். கடைசி இரண்டு பாட்டில் செலினுக்கு. அண்ணாச்சி கல்லாவில் சாய்ந்துகொண்டு, ஊருக்கே இன்றைக்குக் கக்கூஸ் கழுவுகிற பண்டிகையா, காலண்டரில் ஒன்றும் போடவில்லையே என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் மட்டும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஒரே வீட்டில் புருஷன் ஊற்றிவிட்டு வந்ததும் பெண்சாதி போய் ஊற்றியதும் நடந்தது. தாழம்பூ முழுக்க மூக்கில் ஏறும் நெடி அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குணவதி கீழே இறங்கினபோது தொட்டி டீ நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறி, மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஜாடியில் எடுத்து வைத்தாள். அரைமணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, எதுவும் படியவில்லை. கல்ச்சர் செத்துப்போயிருந்தது.

ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. பில்டர் சிக்கனம் பார்த்து ஃப்ளஷ் குழாய்க்கு வேறு வழியே வைக்காததால், மோட்டார் பாட்டுக்கு மோட்டார் மேலே ஏற்றிக்கொண்டுதான் இருந்தது. ஏழு மணிக்குப் பத்மநாபன் ஃப்ளஷை அழுத்தினார். அவருடைய சம்சாரத்தின் குரல் அவர் வீட்டுக்கே வந்தது:

"இந்த மனுஷன் ரிட்டயர் ஆனார், எனக்கு லீவு போச்சு. முப்பத்தஞ்சு வருஷம் ஊரெல்லாம் பேசினதக் கேட்டாரு, நான் பேசினத ஒரு நாள் கேட்டிருப்பாரா."

அவர் கதவைத் திறந்து வெளியே வர இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஏ பிளாக் சண்டை நான்கு வீட்டில் முழுசாக ஓடியிருந்தது. 'நாயே, நான் சாப்பிட்டேனா செத்தேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா' என்று தொடங்கி அப்பா, தாத்தா வரைக்கும் போன சண்டையின் அடியில் அந்த 'சாப்பிட்டியா' கிடந்ததை அப்போதுதான் எல்லாரும் கண்டார்கள். லோகநாயகியின் ஃப்ளஷில் அவள் மகன் கிளம்புவதற்கு முன்னால் சொன்னது வந்தது. விசிலுக்கு அடியில் அது இத்தனை நாளும் மங்கலாகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தான் அவன். அவள் அன்றைக்கு பேங்க்குக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு எல்லாரும் கார் நிறுத்துகிற இடத்தில் கூடினார்கள். குணவதி ரப்பர் பூட்ஸோடு மேலே ஏறி வந்தாள்.

"உங்க வாய் சுத்தம்னு போர்டுல எழுதிப் போட்டீங்களே சார். அது என் கல்ச்சர் சார். நீங்க துப்புறத எல்லாம் தின்னுட்டு, தின்ன முடியாத நல்லத மட்டும்தான் மேல அனுப்பிச்சுது. ஒரு நாள் லீவு கேக்கல. அதுக்கு ஆசிட் ஊத்திட்டீங்க."

எழுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். செலின் போட்ட கணக்கு தலைகீழாகிவிட்டது. ஊற்றாமல் இருந்திருந்தால் அந்த வார்த்தையைத் தொட்டியே தின்றிருக்கும். ஊற்றியதால், நாளை மூன்று மணிக்கு அது தோல் உரிக்காமல், ஈரம் காயாமல், அப்படியே வரப்போகிறது.

கூட்டம் கலைந்ததும் அவள் குணவதிக்குப் பின்னாலேயே படியிறங்கி, ஜோவியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நான் இரண்டு பாட்டில் ஊற்றினேன் என்றாள்.

"நீங்க பதினாலாவது ஆள்" என்றாள் குணவதி. "உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் ஒரு பாட்டில்னு பொய் சொல்லிட்டுப் போனாங்க. நீங்கதான் ரெண்டுன்னு சொல்றீங்க."

"நாளைக்கு மூணு மணிக்குள்ள சரியாகுமா?"

"ஒரு மாசம் ஆகும்."

செலின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜோவி எட்டி குணவதியின் சாவிக்கொத்தைப் பிடித்தது. குணவதி அதை விடுவிக்கவில்லை. என்ன சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுல தயிர் தோயலன்னா என்ன செய்வீங்க?"

"பக்கத்து வீட்டுல உறை வாங்குவேன்."

"அதான்" என்றாள் குணவதி. "நமக்கும் பக்கத்து வீடு இருக்கு. பேச்சுவார்த்தைதான் இல்ல."

பக்கத்து வீடு என்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு குடியிருப்பு. ஒரு வேப்பமரத்தின் சருகு யார் பக்கம் விழுகிறது என்பதில் இரண்டு சங்கங்களுக்கும் ஆறு வருஷமாகக் கடிதப் போக்குவரத்து மட்டும்தான். பத்மநாபன் சட்டையை மாற்றிக்கொண்டு, போன் செய்யாமல், நேரிலேயே போனார். எங்கள் தொட்டிக்கு உறை வேண்டும் என்று அவர் கேட்டதும், அந்தச் செக்ரட்டரி சருகு விஷயத்தைப் பேசி முடித்துவிட்டுத் தரலாமா என்றார். மரமே உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பத்மநாபன் சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்குத் தொடங்கியது. பெயிண்ட் வாளி, குளிக்கிற வாளி, இட்லி மாவுத் தூக்கு, பிரியாணி தேக்சா, வீட்டில் எது இருந்ததோ அதைக் கொண்டுவந்து, சுவரோரம் வரிசையாக நின்று, டீ நிறத்தில் கனமாகக் குழம்பிய அடுத்த வீட்டுக் கல்ச்சரைக் கை மாற்றிக் கை மாற்றித் தங்கள் தொட்டிக்குள் ஊற்றினார்கள். நல்ல கல்ச்சருக்கு நாற்றம் இல்லை, மழை பெய்த மண் வாசம்தான் வரும் என்று குணவதி சொல்லியிருந்ததை நம்பாதவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து, பத்தாவது வாளியில் துணியைக் கழற்றினார்கள். ஏ பிளாக் புருஷன் நிரப்பிக்கொடுக்க, பெண்சாதி வாங்கி ஊற்றினாள். நடுவில் ஒருமுறை, சாப்பிட்டியா என்று அவர் நிஜமாகவே கேட்டார். ஏரிக்குள் மாடு மேய்த்தவர்களிடமிருந்து இரண்டு கூடை சாணி வந்தது. புதுக் கல்ச்சர் பழகும்வரை இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும், வெல்லம் இருக்கிறதா என்று குணவதி கேட்டபோது, அண்ணாச்சி கடையில் ஒரு கிலோதான் இருந்தது. செலின் மேலே ஓடிப்போய், ஞானஸ்நானப் பாயசத்துக்கும் அதிரசத்துக்கும் வாங்கிவைத்திருந்த பதினைந்து கிலோவையும் இறக்கிக் கொண்டுவந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அமலன் வாசலில் நின்று, எங்கே கொண்டுபோறே என்றான். சாக்கடைக்கு என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் சிப்பத்தின் மறு முனையைப் பிடித்தான்.

வெல்லத்தைக் கரைத்து ஊற்ற ஊற்ற, செலின் தொட்டி ஓரத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிள்ளைகளிடம் கெஞ்சினாள். சாப்பிடுங்க. இனிப்பைச் சாப்பிட்டு முடிச்சதும் என்னோடதைச் சாப்பிடுங்க. ஒரு வரிதான். சின்ன வரிதான்.

சனிக்கிழமை காலை பிரகாசி வந்து இறங்கினாள். கருவாட்டு மூட்டை ஒரு கையில், பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் ஒரு கையில். உயரமான பெண், பேச ஆரம்பித்தால் கடற்கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற குரல். வந்ததும் பிள்ளையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இது நம்ம ஐயா சாடை, காதைப் பாரு என்று எல்லாருக்கும் காதைக் காட்டினாள். பாயசம் ஏன் சீனியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பன்னிரண்டு பேரும் முறை வைத்துப் பாத்ரூமுக்குப் போய் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் செலின் கதவுக்கு வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை வாய்ப்பாடு வந்தது. ஒரு தடவை யாரோ யாரையோ பாதி திட்டி நிறுத்தியது; புதுக் கல்ச்சர் இன்னும் சரியாகப் பல் முளைக்காத பிள்ளை போலக் கடித்ததும் கடிக்காததுமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. மணப்பாட்டுக்காரர்கள், டவுனில் தண்ணீர் பேசும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு கை துடைத்தார்கள்.

மூன்று மணிக்குப் பிரகாசி உள்ளே போனாள்.

செலின் கதவோடு ஒட்டி நின்றாள். தண்ணீர் இறங்கிய சத்தம் கேட்டது. தொட்டி நிரம்ப ஆரம்பித்தது. அப்புறம் அவளுடைய குரலே, அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்குக் களைத்துப்போய் வந்தது.

"மாதாவே, இந்தப் பிள்ளையை..."

கொஞ்சம் குமிழி.

"...எனக்கு வே..."

அங்கேயே கரைந்துவிட்டது. கல்ச்சர் அதுவரைதான் தின்று முடித்திருந்தது.

பிரகாசி வெளியே வர நேரம் ஆயிற்று. வந்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே செலினைப் பார்த்தாள். பாதி வார்த்தையை முழுசாக்கிக்கொள்ள அவளுக்கு உதவி எதுவும் தேவைப்படவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஏட்டி, பிள்ளையக் குடு" என்றாள் பிரகாசி.

செலின் கொடுத்தாள். இனிமேல் திரும்பக் கிடைக்காது என்பதுபோலக் கொடுத்தாள்.

"எனக்கு மூத்தவன் பொறந்து நாப்பதாம் நாளு, நேரா கடலுக்குப் போயி, இவன நீயே வச்சிக்கோன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். ஊர்ல எல்லாப் பொம்பளையும் ஒரு தடவ போயி நின்னு சொல்லிட்டு வந்தவதான். கடலு கேட்டுக்கிடும். யார்ட்டயும் சொல்லாது." ஜோவியைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். "இங்க ஒனக்கு இருக்கது இந்த ஓட்ட ஒண்ணு. அதுவும் திருப்பிச் சொல்லுது. நீ என்ன செய்வ. போ, போயிப் படு. பால் குடிக்க மட்டும் எழுப்புதேன்."

செலின் படுத்தாள். ஆறு மணி நேரம் தூங்கினாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, யார் மூக்கடியிலும் விரல் வைக்காமல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. சாமியார் பிள்ளையின் தலையில் ஊற்றிய தண்ணீர் ஒன்றும் பேசவில்லை; ஜோவிதான் கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

அதற்கப்புறம் தாழம்பூவில் ஒருவரும் தவறாக ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்ரூமுக்குள் ஜெபமும் வாய்ப்பாடும் மட்டும். ஏ பிளாக்கில்கூடச் சைகையில் சண்டை போட்டார்கள். இது மூன்று வாரம் நடந்தது. நான்காம் வாரம் குணவதி கையில் ஜாடியோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஜாடியில் சேறு அடியில் ஒரு விரல் கனம்கூட இல்லை. கல்ச்சர் பட்டினி கிடக்கிறது, நீங்கள் எல்லாரும் இப்படி நல்லவர்களாகவே இருந்தால் அது செத்துவிடும், தயவு செய்து கொஞ்சமாவது திட்டுங்கள், புலம்புங்கள் என்றாள். பத்மநாபன் பொதுக்குழுவைக் கூட்டினார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் நாள் ஒன்றுக்குப் பத்து நிமிஷமாவது மனதில் இருப்பதைக் குழாய் திறந்துவைத்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறி, நோட்டீஸ் போர்டில் பழைய நோட்டீஸ் இருந்த இடத்தில் ஒட்டப்பட்டது. அவர் சம்சாரம் முதல் நாளே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் பாத்ரூம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் காத்திருக்காமல், நேராகவே கேட்டார். லோகநாயகி ஃப்ளஷ் பக்கமே போகாமல் இருந்தவள், ஒரு நாள் குழாயைத் திறந்து மகனை ஒரு பாடு திட்டித் தீர்த்துவிட்டு, கனடாவுக்கு வீடியோ காலில் கூப்பிட்டு, அந்த விசிலை ஒரு தடவை அடித்துக் காட்டு என்றாள்.

செலின் வாய் திறந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். ஜோவிக்குப் பல் முளைக்கிற நேரம், காலையிலிருந்து அழுகை, அமலன் ஷிப்டில், வாளியில் துணி. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்து, கதவைச் சாத்தாமல், முதலில் வாய்க்குள்ளும், பிறகு கொஞ்சம் வெளியேயும், கடைசியில் மூன்றாம் மாடி ஜைத்தூன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவும், மாதாவிடம் ஆரம்பித்து, அமலன், அவன் கம்பெனி, கரண்ட், தடுப்பூசி, இந்தப் பிள்ளை, இந்தப் பிள்ளையின் ஐயா சாடைக் காது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். கீழே ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்த குணவதி, இன்றைக்குச் சாப்பாடு பலம் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் செலின் ஜோவியைப் புல்தரையில் உட்கார வைத்திருந்தாள். தோட்டத்துக் குழாய் சீறிக்கொண்டு திறந்து, மழை மாதிரி சுற்றிச் சுற்றி அடிக்க ஆரம்பித்தது. அவ்வளவு நீளமாகப் பேசினதில் கல்ச்சர் மிச்சம் வைத்தது நான்கைந்து வார்த்தைதான். மாதாவே என்று ஒன்று, ஜோவி என்று ஒன்று, காது என்று ஒன்று. ஜோவி சத்தம் வந்த திக்கில் தலையைத் திருப்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு பார்வை, தண்ணீரை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் முதல் தடவையாகக் கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, அந்தக் குரலிருக்கும் இடத்துக்கு, நனைந்துகொண்டே, சிரித்துக்கொண்டே தவழ்ந்து போயிற்று.